கண்டகிக் கரையில் நின்றுபோன நெருப்பு

1993-இல் எனக்கு புரமோஷன் கொடுத்து பீகாரில் ஹாஜிபூருக்கு மாற்றினார்கள். வீட்டில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா மட்டும், "கண்டகி அங்கேதானேடா கங்கையோட சேர்றது? போயிட்டு வா" என்றார். அவருக்கு பீகார் என்றாலே பூஜைப் பெட்டிதான். பஞ்சாயதன பூஜை செய்கிறவர். பெட்டிக்குள் ஐந்து கல்: விஷ்ணுவுக்குக் கண்டகியில் பிறந்த சாளக்கிராமம், சிவனுக்கு நர்மதை பாணலிங்கம், பிள்ளையாருக்குச் சோணை ஆற்றுச் சிவப்புக் கல், அம்பாளுக்கு ஸ்வர்ணமுகிக் கல், சூரியனுக்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் ஸ்படிகம். ஐந்தில் இரண்டு, நான் வேலைக்குப் போகிற திசையில் ஓடுகிற ஆறுகள்.

ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தேன். அனல். முதல் ஞாயிற்றுக்கிழமையே கொன்ஹாரா காட் போனேன். கஜேந்திரனை முதலை பிடித்த இடம் அதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எதிர்க்கரையில் சோன்பூர். படியில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள், விரல் நீளத்தில், அவ்வளவு தித்திப்பு. காலை விட்டேன், அந்த வெயிலுக்குத் தண்ணீர் சில்லென்று இருந்தது. நான் திருவையாற்றுப் பக்கத்துக்காரன். ஜூன் மாதக் காவிரி என்றால் எங்களுக்கு மணல்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடுவோம். இங்கே அதே ஜூனில் ஆறு கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. இமயமலைப் பனி உருகி வருகிற ஆறு, வற்றாது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்போது அது வெறும் தகவல்.

2017-இல் ரிட்டையர் ஆனேன். அப்புறம்தான் சதபத பிராமணத்தை (யஜுர் வேதத்தைச் சேர்ந்த, யாகங்களை விளக்கும் பழைய நூல்; இந்த வகை நூலுக்கே 'பிராமணம்' என்று பெயர்) மொழிபெயர்ப்பு துணையோடு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரும்பகுதி தூக்கம் வரவழைக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, தர்ப்பையை எத்தனை முறை தடவுவது என்று பக்கம் பக்கமாகப் போகும். முதல் காண்டத்திலேயே ஒரு கதை என்னைத் தூக்கி உட்கார வைத்தது.

விதேக மாதவன் என்று ஒரு ராஜா. (விதேக நாட்டுப் பெயர்தான், மூலத்தில் பழைய உச்சரிப்பில் 'க' இன்னும் அழுத்தமாக, Videgha என்று இருக்கிறது.) அவன் வாய்க்குள் அக்னி வைச்வானரனை அடக்கி வைத்திருந்தான். அவனுடைய புரோகிதர் கோதம ராகூகணர் கூப்பிடுகிறார், பதில் இல்லை. வாயைத் திறந்தால் நெருப்பு விழுந்துவிடுமே. புரோகிதர் ரிக் மந்திரங்களைச் சொல்லி அக்னியை அழைக்கிறார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது மந்திரத்தில் நெய் என்ற சொல் வருகிறது. அவ்வளவுதான்! நெய் பெயரைக் கேட்டதும் அக்னி பொங்கிவிட்டது, ராஜாவால் அடக்க முடியவில்லை, வாயிலிருந்து பூமியில் விழுந்தது. அப்போது அவன் சரஸ்வதிக் கரையில் இருந்தான். நெருப்பு அங்கிருந்து கிழக்கே எரித்துக்கொண்டே போகிறது. பின்னாலேயே ராஜாவும் புரோகிதரும். வழியில் இருந்த எல்லா ஆறுகளையும் தாண்டி எரித்த நெருப்பு, வடக்கு மலையிலிருந்து வருகிற ஸதாநீரா என்ற ஆற்றை மட்டும் தாண்டவில்லை. கடுங்கோடையிலும் அது குளிர்ந்து பாய்கிறது என்று பிராமணமே சொல்கிறது. ஸதாநீரா என்றால் எப்போதும் நீர் உள்ளவள். அது கண்டகிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

காலை விட்டுச் சில்லென்று உணர்ந்தேனே, அந்தச் சில்லிப்பை எனக்கு இரண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சரி, எழுதவில்லை, சொல்லி வைத்திருக்கிறார்.

கதையைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்த வரி. முன்பெல்லாம் பிராமணர்கள் இந்த ஆற்றைத் தாண்டமாட்டார்கள், அக்னி அந்தப் பக்கத்தைச் சுவைக்கவில்லை என்பதால். இப்போதோ அதற்குக் கிழக்கே நிறையப் பிராமணர்கள் இருக்கிறார்கள். முன்பு சதுப்பாக, விளைச்சல் இல்லாமல் கிடந்த நிலம், யாகங்கள் செய்து செய்து இப்போது பண்பட்டுவிட்டது. 'முன்பு', 'இப்போது'. வேதம் அநாதி, ஓர் எழுத்து மாறவில்லை, நாம் செய்வதெல்லாம் அப்படியே ரிஷிகள் செய்ததுதான் என்று என் சித்தப்பா கல்யாண வீட்டுப் பந்தியில் அடித்துச் சொல்வார். எழுத்து மாறாதது வரைக்கும் அவர் சொல்வது ஏறக்குறைய சரி. ரிக்வேதத்தின் 1,028 சூக்தங்களை, அதாவது பாட்டுகளை, ஸ்வரம்கூடப் பிசகாமல் வாய்வழியாகக் கொண்டுவந்தது சாதாரணக் காரியம் இல்லை. செய்கிறவை அப்படி இல்லை. அதைப் பிராமண நூலே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

அந்த மாற்றத்துக்கு என் வாயிலேயே சாட்சி இருக்கிறது. பெரியவர்களை நமஸ்காரம் பண்ணிவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு, நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் அபிவாதயே இது: "அபிவாதயே, ஆங்கிரஸ பார்ஹஸ்பத்ய பாரத்வாஜ த்ரயார்ஷேய ப்ரவராந்வித, பாரத்வாஜ கோத்ர:, ஆபஸ்தம்ப ஸூத்ர:, யஜுச்சாகாத்யாயீ…" அப்புறம் பெயர், சர்மா. ஏழு வயதில் கிளிப்பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்டது. அர்த்தம் கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தால் கிணறு தோண்டும்போது தெரிகிற மண் அடுக்குகள் மாதிரி இருக்கிறது.

அடியில் கிடப்பது பிரவரம், முன்னோர் ரிஷிகளின் வரிசை: அங்கிரஸ், பிருகஸ்பதி, பரத்வாஜர். பரத்வாஜர் குடும்பத்தின் பாட்டுகள்தான் ரிக்வேதத்தின் ஆறாம் மண்டலம், அதாவது ஆறாம் பகுதி. அந்தப் பாட்டுகளின் உலகம் பஞ்சாப், ஏழு நதிகள், மாட்டு மந்தைகள், தேர்கள். கோயில் கிடையாது, விக்கிரகம் கிடையாது. நிரந்தர யாகசாலைகூடக் கிடையாது. புல்லைப் பரப்பி, இந்திரா வந்து உட்கார், சோமம் குடி என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் மண்டலத்திலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றும் ஒரு கவிக்குடும்பத்தின் சொத்து. யாகத்தில் ரிக் மந்திரம் சொல்கிற ஹோதா அக்னியைக் கூப்பிடும்போது, யாகம் செய்விக்கிற இந்த யஜமானனின் முன்னோர்களான இன்னாருடைய அக்னியே வா என்று பெயர் சொல்லி அழைப்பார். அதுதான் பிரவரம். யஜமானன் ராஜாவாக இருந்தால் அவனுடைய புரோகிதரின் பிரவரத்தைச் சொல்வார்கள். ஆக, தாத்தா காலில் விழும்போது நான் சொல்வது முதலில் தாத்தாவுக்கானதே இல்லை. நெருப்புக்கு.

'பிராமணன்' என்ற சொல்லே அந்தப் பாட்டுகளில் அரிது. நாலு வர்ணத்தையும் வரிசையாகச் சொல்வது பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தம் ஒன்றுதான். அந்த அரிதான இடங்களில் எனக்குப் பிடித்தது ஏழாம் மண்டலத்துத் தவளைப் பாட்டு. வருஷம் முழுக்க விரதம் இருந்த பிராமணர்கள் மாதிரிப் படுத்துக் கிடந்த தவளைகள் மழை வந்ததும் குரல் எழுப்புகின்றன. ஒரு தவளை சொன்னதை இன்னொன்று, குரு சொன்னதை மாணவன் திருப்பிச் சொல்வதுபோலச் சொல்கிறது. பாடசாலைப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்த அடுக்கு, சாகை, அதாவது வேதத்தின் கிளை. 'யஜுர் சாகையை அத்யயனம் செய்கிறவன்' என்று சொல்லிக்கொள்கிறேன். 36 வருஷம் வட்டிக் கணக்குத்தான் அத்யயனம் செய்தேன், அது வேறு விஷயம். பாட்டுக் குடும்பங்கள் தனித்தனியாக இருந்த நிலை மாறி, எல்லாப் பாட்டையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, வேலையை வேதவாரியாகப் பிரித்தது குருக்ஷேத்திர வட்டாரத்தில், கி.மு. 1000-ஐ ஒட்டிய காலத்தில் நடந்தது என்கிறார்கள். குரு வம்சத்தவரும் பாஞ்சாலர்களும் ஆண்ட இடம். ரிக் சொல்ல ஹோதா, ஸாமம் பாட உத்காதா, யஜுஸை முணுமுணுத்துக்கொண்டே கையால் வேலை செய்ய அத்வர்யு, தப்பு நடக்கிறதா என்று வாய் திறக்காமல் கவனிக்க பிரம்மா. சோமயாகம் என்றால் ஆளுக்கு மூன்று உதவியாளர் சேர்த்து 16 பேர். பாட்டு, கவிதையாக இருந்த நிலைமை போய், ஒரு பெரிய இயந்திரத்தின் பற்சக்கரமாக ஆனது இங்கேதான். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. தவளைப் பாட்டைப் பாடியவருக்கு இருந்த சிரிப்பு அத்வர்யுவுக்கு இல்லை. ஆனால் அந்த இயந்திரம் இல்லாவிட்டால் பாட்டே நமக்கு மிஞ்சியிருக்காது என்பதும் நிஜம்.

எவ்வளவு பெரிய இயந்திரம் என்பதற்கு ஒன்று மட்டும். அக்னிசயனம் என்ற யாகத்துக்குப் பறவை வடிவில் ஐந்து அடுக்காகச் செங்கல் வேதி (யாக மேடை) கட்ட வேண்டும். சதபதத்தின் கணக்கு 10,800 செங்கல். 1975 ஏப்ரலில் கேரளத்தில் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் அதை 12 நாள் செய்தார்கள், படமும் எடுக்கப்பட்டது. அங்கே பலிகொடுக்க வேண்டிய ஆடுகளுக்குப் பதில் அரிசிமாவை வாழையிலையில் சுற்றி வைத்தார்கள். வெளியே எதிர்ப்பு இருந்ததால் எடுத்த முடிவு. அசல் போய்விட்டதே என்று சிலர் குறைப்பட்டார்களாம். எனக்கு அந்த அரிசிமாப் பொட்டலம்தான் மொத்தச் சரித்திரத்தின் சுருக்கமாகப் படுகிறது. மாற்றி வைத்துக்கொள்வது நமக்குப் புதுசே இல்லை.

சூத்திரத்துக்கு வருகிறேன். ஆபஸ்தம்பரின் கல்பசூத்திரம் சடங்குகளுக்கான விதிநூல். அதில் 30 ப்ரச்னங்கள், அதாவது அத்தியாயங்கள். முதல் 24-ம் பெரிய யாகங்களுக்கு. 25, 26 வீட்டுச் சடங்குகளுக்கான மந்திரங்கள். 27 வீட்டுச் சடங்கு: கல்யாணம், உபநயனம், சீமந்தம், சிராத்தம். 28, 29 தர்மம்; 30 வேதி கட்டுவதற்கான அளவுக் கணக்கு. எங்கள் குடும்பத்தில் யாருடைய வாழ்க்கையும் 25-க்கு முன்னால் போனது கிடையாது. அந்த 24-ஐச் செய்ய மூன்று அக்னி வேண்டும், ஆள்படை வேண்டும், செலவுக்கு ராஜா வேண்டும். ராஜாக்கள் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தால்?

பார்த்தார்கள். ஹாஜிபூரிலிருந்து வைசாலி ஒரு மணி நேரம்தான். அங்கே கோல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கம் உட்கார்ந்த தூண் நிற்கிறது; மகாவீரர் பிறந்தது அந்தப் பக்கம் என்கிறார்கள், புத்தர் பலமுறை வந்த ஊர். அக்னி தாண்டாத கரை என்று சொன்ன அதே கரைதான் இது. இங்கேதான் யாகம் எதற்கு என்று கேட்டவர்கள் நடந்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் முதல் பாறைக் கட்டளையிலேயே, இங்கே எந்த உயிரையும் கொன்று யாகம் செய்யக் கூடாது என்று வெட்டி வைத்தான். பிராமணர்களுக்கும் சிரமணர்களுக்கும் (பௌத்த, சமணத் துறவிகள் போன்றவர்கள்) மரியாதை செய்யுங்கள் என்றும் அவனே சொல்கிறான். பிராமணன் என்பவன் பல கூட்டத்தில் ஒரு கூட்டம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்ட நிலை.

இதற்கும் முன்னாலேயே உள்ளுக்குள் மாற்றம் தொடங்கியிருந்தது. விதேகத்து ஜனகர் தன் யாகத்தில் ஆயிரம் பசுக்களைக் கொம்பில் பொன் கட்டி நிறுத்தி, உங்களில் பெரிய ஞானி ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். கூடியிருப்பவர்கள் குரு-பாஞ்சாலத்துப் பிராமணர்கள். அந்தச் சில்லென்ற ஆற்றைத் தாண்டி வந்தவர்கள். யாக்ஞவல்கியர் யோசிக்கவே இல்லை, பையா, ஓட்டடா என்று சீடனிடம் சொல்லிவிடுகிறார். அப்புறம் நடக்கிற கேள்வி பதிலில் கரண்டியும் தர்ப்பையும் பின்னுக்குப் போகின்றன. மரணத்துக்குப் பின் மனிதன் எங்கே போகிறான் என்று கேட்கிறார்கள். இரண்டு முறை எழுந்து கேட்டவள் கார்கி. ஒரு பெண். இதை இங்கே நிறுத்தி வைக்கிறேன்.

சாந்தோக்கிய உபநிஷத்தில் அச்வபதி என்ற கேகய ராஜா, தன்னைத் தேடி வந்த பிராமணர்களுக்கு வைச்வானர வித்தையைச் சொல்லித்தருகிறார். மார்பே வேதி, மயிரே தர்ப்பை, இதயம் கார்ஹபத்ய அக்னி, மனம் தெற்கு அக்னி, வாய் ஆஹவனீய அக்னி; யாகத்துக்கு வேண்டிய மூன்று அக்னியும் உடம்பிலேயே. முதலில் வருகிற சோற்றைப் பிராணனுக்கு ஸ்வாஹா என்று வாயில் போடு, அதுவே அக்னிஹோத்திரம். பசித்த குழந்தைகள் அம்மாவைச் சுற்றி உட்காருவதுபோல எல்லா உயிரும் அந்த அக்னிஹோத்திரத்தைச் சுற்றி உட்காருகின்றன என்று முடிகிறது.

இதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன். தாத்தா ஞாபகம். கூடத்தில் இலை. இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவார். உள்ளங்கையில் ஓர் உத்தரணி நீர், "அம்ருதோபஸ்தரணமஸி", உறிஞ்சுவார். நெய் விட்ட சோற்றை மூன்று விரலால் நாலைந்து பருக்கையாக எடுத்து, "ப்ராணாய ஸ்வாஹா", பல்லில் படாமல் விழுங்குவார். அபானாய, வ்யானாய, உதானாய, ஸமானாய, கடைசியில் ப்ரஹ்மணே. அதுவரைக்கும் பாட்டி குழம்புக் கரண்டியோடு காத்து நிற்பாள். நாங்கள் பேரன்கள் பசியோடு எதிரே, அந்தப் பரிசேஷணம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு. பசித்த குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருந்தது உவமையே இல்லை எங்களுக்கு.

தாத்தா அக்னிஹோத்ரி இல்லை. வீட்டில் மூன்று அக்னியும் இல்லை. வைச்வானரன் மட்டும் இருந்தது, வாயில். விதேக ராஜாவின் வாயிலிருந்து நெய்க்கு ஆசைப்பட்டு விழுந்த அதே பெயருள்ள நெருப்பு, ஆற்றங்கரையில் நின்று, திரும்ப வாய்க்கே வந்துவிட்டது. ராஜா வேண்டாம், 16 பேர் வேண்டாம், இலைச் சோறு போதும். எந்த ஆற்றை வேண்டுமானாலும் தாண்டலாம்.

பூணூல் கதையும் இப்படித்தான். பழைய நூல்களில் உபவீதம் என்பது மான்தோலையோ மேல்துணியையோ இடது தோளில் போட்டு வலது அக்குளுக்குக் கீழே கொண்டுவருவது. ஆபஸ்தம்ப தர்மசூத்திரம், எப்போதும் மேல்துணி போட்டிரு, இல்லாவிட்டால் அதற்குப் பதில் நூல் மட்டும் போதும் என்கிறது. பதில் என்று வந்தது நிலைத்துவிட்டது, துணி போய்விட்டது. மாறிக்கொண்டிருந்த காட்சி நம்ம புறநானூற்றிலேயே இருக்கிறது. 166-ஆம் பாட்டு, பூஞ்சாற்றூர்ப் பார்ப்பான் கவுணியன் விண்ணந்தாயனை ஆவூர் மூலங்கிழார் பாடியது. தோளில் ஞாண், அதன்மேல் கலைமான் தோல். யாகத்துக்கென்று மட்டும் தோலைப் போட்டிருக்கிறார். 'நீர் நாண நெய் வழங்கியும்' என்கிறார் புலவர். நெய்! அக்னி காவிரிப் பக்கம் வந்து சேர்ந்ததற்கும் அதுதான் காரணம் போலும்.

தெற்கே வந்த கதையில், இன்னொரு தர்மசூத்திரம் செய்த பௌதாயனரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தட்சிணாபதத்து (தெற்கத்தி) ஜனங்கள் கலப்புப் பிறப்பு என்று ஒரு பட்டியலில் சேர்த்துவிடுகிறார். அப்புறம் தெற்கத்தி வழக்கம் என்று ஐந்து சொல்கிறார்: உபநயனம் ஆகாதவனோடு சாப்பிடுவது, மனைவியோடு சாப்பிடுவது, பழையது சாப்பிடுவது, மாமா பெண்ணைக் கட்டுவது, அத்தை பெண்ணைக் கட்டுவது. பழையதும் மாவடுவும் எங்கள் வீட்டுக் காலை ஆகாரம். பாட்டி, தாத்தாவுக்கு மாமா பெண். அந்தந்த தேசத்துக்கு அந்தந்த வழக்கம் பிரமாணம் என்று பெரிய மனசு பண்ணிவிட்டு, தர்மசூத்திரக்காரர் கௌதமர் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பௌதாயனரே சொல்லி வைக்கிறார். சண்டையை மறைக்காமல் விட்டுவைத்ததற்காகவே இவர்களை எனக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் இப்படி விட்டுவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜனகர் சபையில் கார்கி எழுந்து கேட்டாள். சில நூற்றாண்டு தள்ளி மனு, பெண்ணுக்குக் கல்யாணம்தான் உபநயனம் என்கிறார். யாகம் சுருங்கி வீட்டுக்குள் வர வர, யார் யார் உள்ளே, யார் வெளியே என்ற வேலி உயர்ந்துகொண்டே போனது. சூத்திரன் என்று ஒதுக்கியவர்களுக்கு வேதம் காதில்கூட விழக் கூடாது என்று ஆனது. துணிக்குப் பதில் நூல், ஆட்டுக்குப் பதில் மாவு என்று வளையத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மட்டும் வளையத் தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை. மனசு இல்லை. என் அம்மா 50 வருஷம் அந்தச் சாளக்கிராமத்துக்கு மடியாக நைவேத்தியம் சமைத்தாள். அபிவாதயே சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வரி கிடையாது.

அந்தச் சாளக்கிராமமும் வேதத்தில் இல்லாததுதான். ஒரு காலத்தில் தாண்டக் கூடாது என்று நின்ற ஆறு, பிறகு கல்லாகி, பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே ஆற்றின் தலைப்பக்கம், முக்திநாத் வட்டாரம், ஆழ்வார் பாடிய திவ்யதேசம். அப்பா போனபின் பெட்டி என்னிடம் வந்தது. நான் தினமும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

போன ஆவணி அவிட்டத்துக்கு நங்கநல்லூரில் ஒரு மண்டபம். விடிகாலை மூன்றாவது பேட்ச். பழைய ஏற்பாட்டின்படி ஆவணிப் பௌர்ணமியில் வேதம் படிக்க ஆரம்பித்து, தைப் பௌர்ணமியில் உத்ஸர்ஜனம் செய்து நிறுத்த வேண்டும். நிறுத்துவதை யாரும் செய்வதில்லை, ஆரம்பிப்பதையும்தான். அதனால் உத்ஸர்ஜனம் செய்யாததற்குப் பிராயச்சித்தம் என்று ஸங்கல்பம் பண்ணிக்கொண்டு, 'காமோகார்ஷீத், மன்யுரகார்ஷீத்' என்று ஜபிக்கிறோம். ஆசை செய்தது, கோபம் செய்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் மைக்கில் ஒரு வரி சொல்ல, நாங்கள் எண்பது பேர் சட்டையில்லாமல் உட்கார்ந்து திருப்பிச் சொன்னோம். பக்கத்தில் இருந்த ஐ.டி. பையன் மணியைப் பார்த்துக்கொண்டே, "ஆயிரத்தெட்டா, நூத்தெட்டா மாமா?" என்றான்.

வாத்தியாருக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். "அடுத்த பேட்ச் வெளில நனையறா. இங்கே பத்து சொல்லுங்கோ, மீதியை ஆத்துல போய்ப் பண்ணிக்கோங்கோ" என்றார்.